அஸீஸ், ஏ. எம். ஏ. (1911–1973)

இலங்கை முஸ்லிம்களின் கல்விக்காக உயர் அரச பதவியைத் துறந்தவர், தமிழ் எழுத்தாளர். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911 ஒக்டோபர் 4ஆம் நாள் பிறந்தார். வைத்தீஸ்வரா வித்தியாலயம், யாழ் இந்துக் கல்லூரி ஆகியவற்றில் படித்தபின் கொழும்பில் வரலாறு பயின்றார். 1935இல் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்தார். அச்சேவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிம் இவரே.

இவர் வாழ்க்கையின் திசையை மாற்றிய ஊர் கல்முனை. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றது. நெல் விளைச்சலைப் பெருக்கவென்று கல்முனையில் அவசரகாலக் கச்சேரி (அரச நிர்வாக அலுவலகம்) திறக்கப்பட்டு, அஸீஸ் அதன் உதவி அரசாங்க அதிபரானார். (அன்று இவ்வூர் மட்டக்களப்பு மாவட்டத்தில் இருந்தது; இன்று இவ்வூர் அடங்கும் அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்.) கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று கரையோரம் முஸ்லிம் ஊர்கள், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வெளி. வயல் போடியார் எனப்பட்ட நிலவுடைமையாளருக்குச் சொந்தம். அதில் இறங்கிப் பாடுபட்டவர் முல்லைக்காரர் எனப்பட்ட வயல் உழைப்பாளர். நெல்லுக்குக் குறைவில்லாத இந்த மண்ணில் பிள்ளைகளை மேற்படிப்புக்கு அனுப்ப வசதியற்ற குடும்பங்கள் நிறைந்திருந்தன. விளைச்சலைப் பெருக்க வந்த அதிகாரி அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை நிறுவினார். பக்கத்து ஊரான காரைதீவைச் சேர்ந்த தமிழறிஞர் சுவாமி விபுலாநந்தரின் நட்பும் இக்காலத்தில் கிட்டியது. ஆங்கிலத்தில் உயர்கல்வி கற்ற அஸீஸைத் தமிழ் எழுத்தின் பக்கம் ஈர்த்ததில் அந்த நட்புக்குப் பெரும் பங்குண்டு.

கல்முனையில் தொடங்கிய முயற்சி 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக நாடளாவி விரிந்தது. திறமை இருந்தும் பணமின்றித் தவித்த மாணவருக்கு அது கைகொடுத்தது. நாடு சுதந்திரம் பெற்ற 1948இல், பலரும் ஏங்கிய சிவில் சேவையை விட்டு விலகி, கொழும்பு ஸாஹிராக் கல்லூரி அதிபரானார். 1961 வரை அப்பொறுப்பில் இருந்தார். 1952இல் செனற்றர் ஆனார். தாம் அங்கம் வகித்த ஐக்கிய தேசியக் கட்சி, சிங்களமே ஆட்சிமொழி என்னும் 'சிங்களம் மட்டும்' கொள்கையை ஏற்றபோது அக்கட்சியிலிருந்து விலகினார். முஸ்லிம்களின் தாய்மொழி தமிழே என்பதில் அவர் கொண்டிருந்த உறுதி வாய்ப்பேச்சோடு நின்றதல்ல என்பதற்கு அந்த விலகலே சான்று.

'இலங்கையில் இஸ்லாம்', 'மிஸ்ரின் வசியம்', 'தமிழ் யாத்திரை' ஆகியவை இவரது நூல்களிற் சில. 1973 நவம்பர் 24ஆம் நாள் காலமானார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1980இல், அவர் மறைவுக்குப் பின், கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது.