ஏலக்காய் அடுப்பும் எஃகின் ஆயுளும்

1928இல் மதுரையிலிருந்து ரயில் வந்து சேர்ந்த போடிநாயக்கனூரைத் தாண்டிப் போடிமெட்டுக்கு ஏறினால், காயெடுப்புக் காலத்தில் இரவெல்லாம் விறகு எரியும் கட்டடங்களைக் காணலாம். ஏலத்தோட்டத்தார் அவற்றை ஸ்டோர் என்பார்கள். வெளியே அடுப்பு, அதன் அனலைச் சுமந்து அறைக்குள் சுற்றிவரும் இரும்புத் தகட்டுக் குழாய், அதற்குமேல் கம்பிவலைத் தட்டுகளில் பச்சைக்காய். நிறம் கெடாதிருக்க அறையின் உஷ்ணம் சுமார் 50 டிகிரியில் நிற்கவேண்டும் என்று காய்க்கு இத்தனை பரிவு காட்டும் ஏற்பாட்டில், அடுப்பு வாயை ஒட்டிய குழாய்க்குப் பரிவு காட்டுவார் இல்லை; செந்தணலில் செதிலுதிர்ந்து, தன் கனத்தாலேயே மெல்லத் தொய்ந்து, மற்றக் குழாய்களுக்கு முன்பே அது வீணாகிவிடுகிறது.

இத்தொய்வை விஞ்ஞானிகள் ஊர்தல் என்பார்கள். குளிர்ந்த நிலையில் எளிதாகத் தாங்கிய பாரத்தைச் சூடேறிய உலோகம் உடனே கைவிடுவதில்லை. ஆண்டுக்கணக்கில் கண்ணுக்குப் புலனாகாமல் நீண்டு, பிறகே முறிகிறது.

இதைத் தாங்கும் எஃகு வேண்டுமென்றால் அதில் கலப்பதை மாற்றவேண்டும். எஃகை உயர்த்தும் கலவையைத் தேடிய சரித்திரத்தில் நம்மவர்க்கு முக்கியமான இடம் உண்டு. ஆவாரங்கட்டையையும் எருக்கிலையையும் இரும்போடு மூசையிலிட்டு மண்பூசி உருக்கிய தென்னாட்டுக் கொல்லர்களின் எஃகு லண்டனை எட்டியபோது, மைக்கேல் ஃபாரடே 1819இல் அதைப் பகுத்தாய்ந்து, அதன் சிறப்புக்கு அலுமினாவும் சிலிக்காவும் காரணம் என்று கருதினார். அம்முடிவு பிழை, ஆனால் அதைப் போலச் செய்ய விரும்பி, ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து, எஃகில் வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் முதலியவற்றைக் கலந்து அவர் உலையில் நடத்திய சோதனைகளே கலப்பெஃகு ஆராய்ச்சிக்கு வித்தாயின. பகுப்பு தவறிய இடத்திலும் உலை அவரை முன்னே நடத்தியது.

கல்பாக்கத்தில் 1971இல் தோன்றி, இன்று இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப்படும் நிலையத்தின் சிக்கல் வேறு. உருகிய சோடியம் 547 டிகிரியில் ஓடும் அணு ஈனுலையின் பாகங்கள் 60 ஆண்டு, அதாவது 5 லட்சம் மணிக்கும் மேலாக உழைக்கவேண்டும் என்றால், அத்தனை காலம் காத்திருந்து பரீட்சிக்க எவருக்கும் ஆயுள் போதாது. ஆகவே நைட்ரஜனை 0.07 முதல் 0.22 சதவீதம் வரை நான்கு அளவுகளில் சேர்த்த, 316எல்என் எனப்படும் துருப்பிடிக்காத எஃகை 650 டிகிரி அனலில் பாரமேற்றி இழுத்துப் பார்த்து, பல குணங்களையும் சீர்தூக்கி, 0.14 சதவீதமே உகந்தது என்று கண்டார்கள். எந்த உஷ்ணத்தில் எந்தக் கார்பைடு படியும், அது ஊர்தலைத் தடுக்குமா, எஃகை நொறுங்கச் செய்யுமா என்பதைக் கணிப்பொறி இன்று முன்கூட்டியே கணித்து, ஆயிரம் கலவைகளில் உலைக்குத் தகுந்த சிலவற்றைப் பொறுக்கித் தருகிறது. ஆனால் ஊட்டிய தரவு பிழையானால் அதன் முடிவும் ஃபாரடேயின் அலுமினாவைப் போலத்தான் ஆகும்; சோதனைக்கூடத்தின் சில ஆயிரம் மணிநேரச் சாட்சியம் இன்றி அதை நம்புதல் தகாது.

போடியில் 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரி நடக்கிறது. அங்குப் பயிலும் இளைஞர்கள் ஒரு காயெடுப்புக் காலம் மலையேறி, அடுப்பு வாயின் உஷ்ணத்தை அளந்து, குழாயின் தொய்வைக் கணித்து, கணித்ததை அடுத்த பருவத்தில் அதே குழாயோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.