பத்துத் தீனாரும் ஒரு விரிப்பும்

தில்லி சுல்தான் முஹம்மது பின் துக்ளக், சீனப் பேரரசருக்கு அனுப்பிய அன்பளிப்புகளின் பட்டியல் இப்னு பதூதாவின் பயண நூலில் நீண்டு செல்கிறது. சேணம் பூட்டிய குதிரைகள் 100, அடிமைகள் 100, ஆடலும் பாடலும் பயின்ற பெண்கள் 100, பருத்தியிலும் பட்டிலும் நூறு நூறாக அடுக்கிய துணி வகைகள், கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து நிறங்களில் 500 கம்பளித் துணிகள், பெரிய கூடாரம் ஒன்று, சிறிய கூடாரங்கள் 6, பொன் விளக்குத் தண்டுகள் 4, வெள்ளியில் 6, பொற்கிண்ணங்கள், சரிகை அங்கிகள், குல்லாக்கள், வாள்கள், முத்துப் பதித்த கையுறைகள். மனிதரையும் குதிரையையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணிச் செல்லும் அக்காலக் கணக்கு இன்று நம்மை உறுத்துகிறது. ஆயினும் பயணிக்கு அது கணக்கில் வந்த சுமைதான். இவை அனைத்தையும் காற்றும் மழையும் ஆட்சி செய்யும் ஒரு கரைக்குக் கொண்டு சென்று, அங்கிருந்து மரக்கலம் ஏற்றி அனுப்பும் பொறுப்பு அவருடையது. அந்தக் கரை மலபார்.

தூதுக்குழு தில்லியை விட்டுப் புறப்பட்ட நாள் ஹிஜ்ரி 743, சபர் 17 என்கிறது நூல். அது கி.பி. 1342 ஜூலை மாதம். ஓராண்டு முன்னதாக 1341இல் கொள்வதே பொருந்தும் என்பாரும் உண்டு. இத்தகைய ஆண்டுக் குழப்பங்களுக்கான காரணம் ஒன்றை இக்கட்டுரையின் கடைசியில் பார்ப்போம். கோயில் என்று அன்று வழங்கிய அலீகர் பகுதியில் இப்னு பதூதா கொள்ளையரிடம் அகப்பட்டு, உடைமை இழந்து, உயிர் தப்பி மீண்டும் குழுவில் சேர்ந்தார். அது தனிக் கதை. குஜராத்தின் கந்தார் துறையில் கப்பலேறிய குழு கொங்கணம், ஹொன்னாவர், மங்களூர் வழியாகக் கள்ளிக்கோட்டை வந்தடைந்தது.

மலபாரில் சுமை எவ்வாறு பயணம் செய்தது என்பதை அவர் விரும்பிக் கவனித்திருக்கிறார். அந்நாட்டில் விலங்குகள் மீது பயணம் செய்வார் இல்லை. குதிரை அரசருக்கே உரியது. வசதியுள்ளோர் பல்லக்கில் செல்வர், ஏனையோர் நடப்பர். சரக்குகள் கூலியாட்களின் முதுகில் செல்லும். ஒரு வணிகருக்குப் பின்னே நூறு பேர் வரை மூட்டை சுமந்து செல்வதும் உண்டு. ஒவ்வொருவர் கையிலும் தடித்த கோல் ஒன்று; அதன் அடியில் இரும்பு ஆணி, தலையில் இரும்புக் கொக்கி. களைப்பு மேலிட்டு, அருகில் இளைப்பாறும் திண்ணையும் இல்லையெனில், கோலைத் தரையில் ஊன்றி மூட்டையைக் கொக்கியில் மாட்டிவிட்டு நிற்பர். நம் ஊர்ப் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்தவர்களுக்கு அக்கோலின் அருமை புரியும். அது கூடவே நடந்து வரும் சுமைதாங்கி. அரை மைலுக்கு ஒரு மரச் சாவடி, நிழல் தரும் மரங்கள், விழுந்து கிடக்கும் காயை எடுக்கவும் அஞ்சும் அளவுக்குக் கடுமையான தண்டனை என்று அவ்வழியின் பாதுகாப்பை அவர் புகழ்கிறார்.

தரையில் இவ்வளவு பத்திரமாக இருந்த மூட்டை கடலில் இறங்கியவுடன் வேறொரு ஆட்சிக்கு உட்பட்டது. அரபு மாலுமிகள் அதை ‘மவ்ஸிம்’ என்றனர். பருவம் என்று பொருள். போர்த்துக்கீசியர் நாவில் அது ‘மொன்ஸாவோ’ ஆகி, பின்பு ஆங்கிலத்தில் ‘மான்சூன்’ ஆயிற்று. தென்மேற்குக் காற்று வலுத்து மழை கொட்டும் ஜூன் முதல் ஏறத்தாழ மூன்று மாதங்கள் மலபார்த் துறைகள் கடலுக்குக் கதவடைத்துக் கொள்ளும். கலங்கள் கரையேற்றப்படும் அல்லது ஒதுக்கான இடத்தில் கட்டப்படும். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடல்நூல் இயற்றிய இப்னு மாஜித், எந்தத் துறையிலிருந்து எந்த நாளில் புறப்படலாம் என்பதை மிகுந்த கவனத்துடன் வகுத்துரைக்கிறார். பயணி எதைக் கட்டிக் கொள்வது என்று யோசிக்கு முன் எப்போது கட்டுவது என்பதை யோசிக்க வேண்டியிருந்தது.

இப்னு பதூதா கள்ளிக்கோட்டையில் சாமூதிரியின் விருந்தினராக மூன்று மாதம் காத்திருந்தார். துறையில் 13 சீனக் கப்பல்கள் நின்றன. அவற்றில் பெரியவை ஆயிரம் பேரைச் சுமக்கும்: மாலுமிகள் 600, போர்வீரர் 400. மூங்கிற் கீற்றுகளைப் பாய்போல் முடைந்த பாய்மரச் சீலைகள் பன்னிரண்டு வரை இருக்கும். வணிகர்கள் தம் அறையைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக் கொள்ளலாம்; அறைக்குள்ளேயே கழிப்பிடமும் உண்டு. மாலுமிகள் மரத்தொட்டிகளில் கீரையும் இஞ்சியும் பயிரிட்டனர். கப்பலின் பொறுப்பாளரான ஷாம் நாட்டு சுலைமானிடம் நம் தூதர் தனக்கு அத்தகைய தனியறை வேண்டும் என்றார். அறைகளைச் சீன வணிகர்கள் முன்னமே எடுத்துக் கொண்டனர். என் மருமகனுக்குரிய அறை ஒன்று உண்டு, ஆனால் அதில் கழிப்பிடம் இல்லை என்றார் அவர். அதையே ஏற்று மூட்டைகளும் ஆட்களும் ஏறினர். வியாழன் அன்று இது நடந்தது. ஜும்ஆத் தொழுகைக்காக இப்னு பதூதா மட்டும் கரையில் தங்கினார். மறுநாள் பணியாளர் வந்து அறை இடுக்கமாக உள்ளது, ஒத்துவராது என்றனர். அதனால் அவருடைய சொந்த உடைமைகளும் பணியாட்களும் ‘ககம்’ எனப்படும் சிறிய கப்பலுக்கு மாற்றப்பட்டனர். சுல்தானின் அன்பளிப்புகள் பெரிய கப்பலிலேயே இருந்தன. வரலாற்றில் சில உயிர்களின் கணக்கு இவ்வளவு சிறிய காரணங்களால் தீர்மானிக்கப்பட்டிருக்கிறது.

கள்ளிக்கோட்டைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். அஸருக்குப் பின் அலை எழும்பினால் எவரும் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. அவ்வெள்ளிக்கிழமை மாலை அவர் கப்பலேறத் தவறினார். படுப்பதற்கு ஒரு விரிப்பு மட்டுமே அவரிடம் இருந்தது. சனிக்கிழமை விடிந்தபோது கலங்கள் கரையை விட்டு வெகுதூரம் விலகியிருந்தன. பந்தலாயினியில் மழைக்காலத்தைக் கழிக்கவிருந்த ஒரு கப்பல் கரையில் மோதி உடைந்தது. அதில் ஒரு வணிகரின் அன்புக்குரிய அடிமைப் பெண் சிக்கியிருந்தாள். அவளை மீட்பவருக்குப் பத்துத் தீனார் என்றார் வணிகர். ஹுர்முஸ் நாட்டு மாலுமி ஒருவர் கடலில் பாய்ந்து அவளைக் கரை சேர்த்தார். பணத்தை வாங்க மறுத்து, அல்லாஹ்வுக்காகவே இதைச் செய்தேன் என்றார். அம்மாலுமியின் பெயரைக் கேட்டுக் குறித்து வைக்க இப்னு பதூதாவுக்குத் தோன்றாமல் போனதே!

அன்றிரவு பெரிய கப்பலும் அலையில் சிதறியது. அதிலிருந்தோர் எவரும் பிழைக்கவில்லை. தூதுக்குழுத் தலைவர்களில் ஒருவரான ளஹீருத்தீனின் உடலும், அன்பளிப்புகளுக்குக் காவலரான சுன்புலின் உடலும் காலையில் கரை ஒதுங்கின. தொழுகை நடத்தி அடக்கம் செய்தார்கள். இதைக் கண்ட ககம் பாய் விரித்துப் போய்விட்டது. அவருடைய உடைமைகள், பணியாட்கள், தோழர்கள் அனைவரும் அதில். கரையில் எஞ்சிய ஒரே அடிமையை அவர் ஏற்கெனவே விடுதலை செய்திருந்தார். அவனும் நிலைமையைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினான். மிஞ்சியவை பத்துத் தீனார்களும் அந்த விரிப்பும்.

அந்தக் காலைப் பொழுதில் அவர் கண்ட மற்றொரு காட்சியை வரலாற்று மாணவர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம். இடையில் வெள்ளைத் துணியும் தலையில் சிறு தலைப்பாகையுமாகச் சாமூதிரி வெறுங்காலுடன் கரையில் நின்றார். ஒருவன் குடை பிடிக்க, முன்னே நெருப்பு எரிந்தது. கடல் ஒதுக்கிய பொருள்களை மக்கள் அள்ளிச் செல்லாதபடி அவருடைய காவலர்கள் அடித்து விரட்டிக் கொண்டிருந்தனர். மலபாரின் ஏனைய துறைகளில் உடைந்த கப்பலின் சரக்கு அரசுக் கருவூலத்துக்குப் போய்ச் சேரும். கள்ளிக்கோட்டையில் மட்டும் அது உரியவருக்கே திரும்பும் என்றும், அதனாலேயே இவ்வூர் செழித்தது என்றும் இப்னு பதூதா எழுதுகிறார். கரையோரத்து ஏழைகளின் முதுகில் விழுந்த அடியை இந்தப் புகழ்ச்சியில் மறந்துவிடக் கூடாதுதான். எனினும் ஒரு துறைமுகத்தின் செழிப்புக்கு மிளகை மட்டும் காரணம் காட்டும் பழக்கத்தை இக்குறிப்பு கேள்விக்குள்ளாக்குகிறது.

அவர் சொல்வதற்குச் சான்றுகள் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கடந்த மார்க்கோ போலோ, வேறு துறைக்குப் புறப்பட்ட கப்பல் காற்றால் ஏழிமலைப் பக்கம் ஒதுங்கினால் உள்ளூரார் அதைச் சூறையாடுவர் என்றும், கடவுள் எங்களுக்கு அனுப்பியது என்று அதற்கு நியாயம் கூறுவர் என்றும் எழுதுகிறார். கிழக்குக் கரையிலும் இதே வழக்கம் இருந்தது. ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில் காக்கதிய மன்னர் கணபதிதேவர் 1244-45இல் நாட்டிய தூண் கல்வெட்டு, புயலில் சிக்கிக் கரை ஒதுங்கிய கலங்களின் சரக்கை முந்தைய அரசர்கள் பறித்துக் கொண்டதை ஒப்புக்கொள்கிறது. பொருள் வணிகனுக்கு உயிரினும் பெரிது. ஆகவே இனி விதிக்கப்பட்ட தீர்வையன்றி வேறெதுவும் கொள்ளோம் என்பது அதன் சாரம். கடல் வணிகருக்கு ஓர் அரசர் கல்லில் எழுதித் தந்த அபயம் அது.

இப்னு பதூதாவுக்கு ஒரு நூற்றாண்டு கழித்து, 1442இல், தைமூரிய மன்னர் ஷாருக்கின் தூதராக அப்துர் ரஸ்ஸாக் சமர்கந்தி கள்ளிக்கோட்டைக்கு வந்தார். ஹுர்முஸில் தாமதமாகிப் பருவம் தவறிய வருத்தம் அவருடைய எழுத்தில் நெடுகக் கேட்கிறது. கப்பலின் வாடையே தன்னை மூர்ச்சையடையச் செய்தது என்கிறார். ஹிராத்திலிருந்து அவர் சுமந்து வந்த அன்பளிப்புகளில் குதிரை, பொன்னிழை அங்கி, குல்லாய் ஆகியவற்றுடன் தோல்மயிர் மேலங்கியும் இருந்தது! இடைக்கு மேல் துணியில்லாத அரசரும் மக்களும் வியர்வை வழிய நிற்கும் ஊருக்கு அது. சேருமிடத்தின் வானிலையை அறியாமல் அரண்மனை வழக்கப்படி மூட்டை கட்டியதன் விளைவு. கள்ளிக்கோட்டை அவருக்குப் பிடிக்கவில்லை. இருந்தும் ஒன்றை மனமுவந்து பாராட்டுகிறார்: பிற துறைகளில் காற்றடித்து ஒதுங்கிய கப்பலைக் கொள்ளையிடுவர், இங்கோ எங்கிருந்து வந்த கப்பலாயினும் ஒரே நடைமுறைதான். ஊரைப் புகழ விரும்பாத ஒருவரின் சாட்சியம் என்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

சட்டம் காப்பாற்றியதைக் கடல் காப்பாற்றியது என்று சொல்ல முடியாது. 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த யூத வணிகர் ஆப்ரஹாம் பின் யிஜூவுக்கு, ஏடனிலிருந்து கலஃப் பின் இஸ்ஹாக் எழுதிய அரபு மடல் கெய்ரோவின் ஃபுஸ்தாத் யூதக் கோயில் ஆவணங்களில் கிடைத்தது. பின் யிஜூ அனுப்பிய மிளகும் இரும்பும் ஏறிய கப்பல், காற்றால் அலைக்கழிக்கப்பட்டு பாபுல் மன்தப் அருகே மூழ்கியது. ஏடனிலிருந்து மூழ்கு தொழிலில் தேர்ந்தவர்களை அழைத்து வந்து இரும்பில் பாதியளவை மீட்டனர். மிளகில் ஒரு மணியும் மிஞ்சவில்லை. ஈரக் காற்றில் பயணம் செய்யும் சரக்கு எதுவாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் வணிகருக்குத் தேவைப்பட்டிராது.

மீண்டும் நம் பயணியிடம் வருவோம். ககம் கொல்லத்தில் நிற்கக்கூடும் என்ற நம்பிக்கையில் அவர் உப்பங்கழி வழியே பத்து நாள் பயணம் செய்தார். விரிப்பைச் சுமக்க ஒரு முஸ்லிமைக் கூலிக்கு அமர்த்திக் கொண்டார். 100 குதிரைகளுடன் புறப்பட்டவருக்கு இப்போது ஒரு விரிப்புக்கு ஒரு சுமைகாரர். அந்த மனிதரும் வழியில் மது அருந்திச் சச்சரவு செய்து அவரை வாட்டினார். கொல்லத்தில் சீனப் பேரரசரின் தூதர்களைச் சந்தித்தார். அவர்கள் ஏறிய கப்பலும் உடைந்து போயிருந்தது. அங்கிருந்த சீன வணிகர்கள் அவர்களுக்கு உடை கொடுத்து அனுப்பினர். ககம் வரவில்லை. அது சுமத்ரா போய்ச் சேர்ந்ததும், உடைமைகள் பலர் கைக்குப் போனதும் பிறகே தெரிய வந்தன. தில்லிக்குத் திரும்பவோ அவருக்கு அச்சம்: அன்பளிப்புகளை விட்டு ஏன் பிரிந்தாய் என்று சுல்தான் கேட்டால் என்ன சொல்வது?

பின்பு மாலத்தீவு, இலங்கை, மஅபர் எனப்பட்ட நம் சோழமண்டலக் கரை, மதுரை சுல்தான் கியாதுத்தீனின் அவை என்று சுற்றிய பின் அவர் மறுபடி மலபார்க் கடலில் பயணம் செய்தார். ஹொன்னாவருக்கும் பார்க்கூருக்கும் இடையே 12 படகுகளில் வந்த கடற்கொள்ளையர் அவர் கப்பலைப் பிடித்தனர். இலங்கை மன்னர் தந்த மாணிக்கங்கள், நல்லடியார்கள் அளித்த ஆடைகள் எல்லாம் போயின. கால்சட்டை ஒன்றை மட்டும் விட்டுவைத்துக் கரையில் இறக்கினர். அவர் நேராகக் கள்ளிக்கோட்டைப் பள்ளிவாசலுக்குப் போனார். அங்கு மார்க்க அறிஞர் ஒருவர் அவருக்கு ஓர் ஆடை அனுப்பினார். காழி தலைப்பாகை அனுப்பினார். வணிகர் ஒருவர் மற்றோர் ஆடை.

துணி போனதைவிட வேறொன்று போனது அவரை அதிகம் வருத்தியிருக்க வேண்டும். புகாராவில் அறிஞர்களின் அடக்கத்தலங்களில் இருந்த கல்லெழுத்துகளைப் படியெடுத்து வைத்திருந்ததாகவும், இந்தியக் கடலில் கொள்ளையர் பறித்தவற்றோடு அவையும் தொலைந்ததாகவும் அவர் நூலின் வேறோர் இடத்தில், புகாராவைப் பற்றிப் பேசும்போது, போகிற போக்கில் சொல்லிச் செல்கிறார். தொடக்கத்தில் நாம் கண்ட ஆண்டுக் குழப்பங்களுக்கு ஒரு பெரும் காரணம் இங்கே இருக்கிறது. மரீனிய சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி ஃபாஸ் நகரில் அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய்யி எழுதிய அந்நூலுக்கான கூற்று ஹிஜ்ரி 756, துல்ஹஜ் மாதத்தில் (கி.பி. 1355 டிசம்பர்) முடிவடைந்தது. ஏறத்தாழ முப்பதாண்டுப் பயணத்தைச் சொன்னவரின் முன் விரித்து வைத்துப் பார்க்க, மலபார்க் கடல் விட்டுக் கொடுத்த குறிப்பேடு என ஒன்றும் இருக்கவில்லை.