ஓருருவில் நான்கு சொற்கள்: ‘சவுண்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

1. முன்னுரை

ஒரு சொல் பல பொருள் தருவதை மொழியியலார் இருவகையாகப் பிரித்துக் காண்பர். ஒரே சொல் காலப்போக்கில் பொருள் விரிந்து கிளைப்பது பல்பொருண்மை. வேறுவேறு பிறப்புடைய சொற்கள் ஒலிமாற்றத்தால் ஒரே உருவம் பெறுவது ஒப்புருமை. தமிழ் இலக்கண மரபு இச்சிக்கலை நன்கறியும். பலபொருள் ஒருசொல் என்னும் வகையைக் கூறும் தொல்காப்பியம், வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் தெளிவுறும் என்று விளக்குகின்றது. திவாகரம் தன் பதினோராம் தொகுதியை ஒருசொற் பல்பொருட் பெயர்களுக்கென ஒதுக்கியுள்ளது. ஆயினும் இந்நூல்கள் சொற்பிறப்பை அடிப்படையாகக் கொண்டு இவற்றைப் பகுக்கவில்லை. பொருளுணர்வே அவற்றின் நோக்கம். மொழிபெயர்ப்பாளனுக்குப் பொருளுணர்வு மட்டும் போதுமா, பிறப்பறிவும் வேண்டுமா என்னும் வினாவினை ‘சவுண்ட்’ என்னும் எளிய ஆங்கிலச் சொல்லைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது.

2. நான்கு பிறப்புகள்

2.1 ஒலி என்னும் பொருளுடைய ‘சவுண்ட்’ இலத்தீன் மொழியின் ‘சோனுஸ்’ என்பதிலிருந்து வந்தது. பிரெஞ்சில் ‘சோன்’ என்றாகி, நார்மானியர் வழியாக ஆங்கிலத்துள் ‘சூன்’ என நுழைந்தது. 1400இல் மறைந்த சாசர் காலத்து ஆங்கிலத்தில் இதன் ஈற்றில் டகரம் இல்லை. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் னகரத்தை அடுத்து டகரம் தோன்றி நிலைபெற்றது. இடியைக் குறிக்கும் ‘தண்டர்’ என்னும் சொல்லில் உள்ள டகரமும் இவ்வாறு தோன்றியதே. பழைய ஆங்கிலத்தில் அது ‘துனொர்’. வடமொழியின் ‘ஸ்வன’ என்பது ‘சோனுஸ்’ என்பதற்கு உறவுச்சொல்லாகும்.

2.2 நலம், பழுதின்மை என்னும் பொருளுடைய ‘சவுண்ட்’ பழைய ஆங்கிலத்தின் ‘யெசுண்ட்’ என்பதிலிருந்து தோன்றியது. இதன் முன்னொட்டு மறைந்து போயிற்று. செருமன் மொழி அம்முன்னொட்டை இன்றும் காத்து, நலமுடைமையை ‘கெசுண்ட்’ என்கின்றது.

2.3 நீரிணை என்னும் பொருளுடைய ‘சவுண்ட்’, நீந்துதல், கடல் எனப் பொருள்பட்ட பழைய ஆங்கிலச் ‘சுண்ட்’ என்பதோடும், நீரிணையைக் குறித்த பழைய நார்சுச் ‘சுண்ட்’ என்பதோடும் தொடர்புடையது. நீந்துதலைக் குறிக்கும் ‘சுவிம்’ இதன் உறவுச்சொல். டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடைப்பட்ட ஓரெசுண்ட் நீரிணையின் பெயரில் இச்சொல் பழைய வடிவிலேயே வாழ்கின்றது. 1792இல் ஜார்ஜ் வான்கூவர் தம் கப்பலில் பணியாற்றிய பீட்டர் பியூஜெட்டின் பெயரை வைத்த ‘பியூஜெட் சவுண்ட்’ இதன் ஆங்கில வடிவுக்குச் சான்று. மீனின் காற்றுப்பையையும் ஆங்கிலத்தில் இச்சொல் குறிப்பதுண்டு.

2.4 ஆழம் அளத்தல் என்னும் வினையான ‘சவுண்ட்’ பிரெஞ்சின் ‘சோந்தெர்’ என்பதிலிருந்து வந்தது. ஆழம் பார்க்கும் கயிறு பிரெஞ்சில் ‘சோந்த்’ எனப்படும். அதன் பிறப்பில் கருத்து வேறுபாடு உண்டு. ஆழம் பார்க்கும் கோலையும் கயிற்றையும் குறிக்கும் பழைய ஆங்கிலத் தொகைச்சொற்களின் முதற்கூறு ‘சுண்ட்’ என்பதால், கடல்சார் செர்மானியச் சொல் ஒன்றே பிரெஞ்சுக்குச் சென்று திரும்பியது என்பர் ஒருசாரார். அவ்வாறாயின் மூன்றாம் சொல்லும் நான்காம் சொல்லும் ஒருதாய் மக்கள் ஆகின்றன. ஒப்புருமைக்கும் பல்பொருண்மைக்கும் இடையே நாம் வரையும் கோடு, எவ்வளவு பின்னோக்கிச் செல்கின்றோம் என்பதைப் பொறுத்தது என்பது இதனால் விளங்கும்.

3. உருவம் ஒன்றானமை

இவை ஒன்றுபட்டமைக்கு மூன்று மாற்றங்கள் காரணம். முதலாவது, பழைய ஆங்கிலத்தின் பிற்பகுதியில் மூக்கொலியும் அதன் இன வெடிப்பொலியும் அடுத்து வந்தபோது முன்நின்ற குறில் நெடிலாயிற்று. ‘சுண்ட்’ என்பது ‘சூண்ட்’ ஆனது. இரண்டாவது, பிரெஞ்சு வழிவந்த சொற்களும் ஆங்கிலத்தில் ஊகாரமே பெற்றன. மூன்றாவது, பெரும் உயிரொலி மாற்றத்தால் அவ்வூகாரம் ஔகாரத்தை ஒத்த ஈருயிராயிற்று. வேட்டைநாயைக் குறிக்கும் ‘ஹவுண்ட்’ என்பதைச் செருமனின் ‘ஹுண்ட்’ என்பதோடு ஒப்பிட்டால் இம்மாற்றம் புலப்படும். ஒலிப்பொருட் சொல்லில் டகரமும் ஏறியபின் நான்கும் வேறுபாடின்றி நின்றன.

தமிழிலும் இது நிகழ்ந்துள்ளது. நதியைக் குறிக்கும் ‘ஆறு’ வேறு, எண்ணைக் குறிக்கும் ‘ஆறு’ வேறு. எண்ணுப்பெயர் தொல்திராவிடத்தில் சகரத்தை முதலாகக் கொண்டிருந்தது என்பதற்குக் கோண்டி மொழி இன்றும் சான்று பகர்கின்றது. சகரம் கெட்டமையால் அது பிற ‘ஆறு’களோடு உருவொத்தது.

4. மொழிபெயர்ப்பில் நேரும் இடர்

மொழிபெயர்ப்புப் பயிலரங்கு ஒன்றில் வளிமண்டல ஆய்வு பற்றிய பகுதியைப் பயிற்சிக்கு அளித்திருந்தோம். 1963 நவம்பர் 21இல் தும்பாவிலிருந்து ஏவப்பட்ட முதல் ராக்கெட்டைப் பற்றிய செய்தி அதில் இருந்தது. ஆங்கிலத்தில் அது ‘சவுண்டிங் ராக்கெட்’. பயில்வோர் ஒருவர் அதனை ‘ஒலி ராக்கெட்’ என்று பெயர்த்தார். அதைப் பார்வையிட்ட யானும் முதற்படியில் ஐயமின்றிக் கடந்து சென்றேன்; மறுபடி படித்தபோதே பிழை தெரிந்தது. அந்த ராக்கெட்டுக்கும் ஒலிக்கும் தொடர்பில்லை. கடலின் ஆழத்தைக் கயிறு விட்டு அளந்ததுபோல, வளிமண்டலத்தைக் கருவி செலுத்தி அளப்பது அது. வானிலை ஆய்வாளர் பயன்படுத்தும் ‘ரேடியோசோந்த்’ என்னும் கருவியின் பெயரிலும் இந்தக் கயிறே ஒளிந்துள்ளது. ‘ஆய்வு ராக்கெட்’ என்னும் வழக்கே பொருந்தும்.

இப்பிழைக்குப் பயில்வோரின் கவனக்குறைவு மட்டும் காரணமன்று. தமிழர் பேச்சு வழக்கு இந்நான்கனுள் ஒன்றையே கடன் பெற்றுள்ளது. ‘சவுண்டு சர்வீஸ்’, ‘சவுண்டு விடாதே’ என்னும் தொடர்களில் வருவது ஒலிப்பொருட் சொல்லே. எனவே ஆங்கிலப் பனுவலில் அவ்வுருவைக் கண்டவுடன் நம் மனம் ஒலியையே முந்திக் கொள்கின்றது.

இரண்டாம் சொல் வேறுவகை இடரைத் தரும். அது பிறப்பால் ஒன்றே. ஆயினும் பொருளால் பலவாய்க் கிளைத்தது. உடலுக்கு அடையாகும்போது நலமுடைமை, கட்டடத்துக்குப் பழுதின்மை, நிறுவனத்துக்கு நிதிவலிமை, வாதத்துக்கு ஏற்புடைமை, உறக்கத்துக்கு ஆழம், அடிக்குக் கடுமை என்று அது பொருள் வேறுபடும். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு ‘சவுண்ட் மைண்ட்’ என்பதனை வரையறுக்கின்றது. ஒப்பந்தத்தைப் புரிந்துகொண்டு, அது தன் நலனை எவ்வாறு பாதிக்கும் என்று சீர்தூக்கும் ஆற்றலே அங்குக் கருதப்படுவது. தமிழ் உயில்களில் காணும் ‘சுயநினைவுடனும் நல்ல புத்தியுடனும்’ என்னும் மரபுத்தொடர் இதற்கு நெருங்கி நிற்கின்றது. இங்கு ஒரு தமிழ்ச்சொல்லை எல்லா இடத்தும் பொருத்த முயல்வது வீண். தொல்காப்பியம் கூறும் சார்பே வழிகாட்டும்.

நான்காம் சொல்லின் உருவகப் பொருளில் பிறப்பறிவு நேரே பயன் தருகின்றது. ஒருவர் கருத்தை மறைமுகமாக அறிய முயல்வதை ஆங்கிலத்தில் ‘சவுண்ட் அவுட்’ என்பர். ஒலியெழுப்பிப் பார்த்தல் என்று கொண்டால் தமிழ்த் தொடர் செயற்கையாகும். ஆழமளத்தல் என்னும் மூலத்தை உணர்ந்தவனுக்கோ ‘ஆழம் பார்த்தல்’ என்னும் நம் வழக்கு தானே வந்து நிற்கும். தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே உருவகத்தை எட்டியுள்ளன.

5. பேசுவோர் உணர்வு

பிறப்பே இறுதித் தீர்ப்பு என்றும் கொள்ளலாகாது. ஒலியலையைச் செலுத்தி அதன் எதிரொலியால் கடலின் ஆழத்தை அளக்கும் முறை 20ஆம் நூற்றாண்டில் பரவியது. அதன் பெயரிலுள்ள ‘சவுண்டிங்’ ஆழமளத்தலைக் குறிப்பது. ஆயினும் அளவீடு ஒலியாலேயே நிகழ்வதால் கேட்போர் அதனை ஒலிப்பொருளாகவே உணர்வது இயல்பு. ‘சோனார்’ என்னும் தலைப்பெழுத்துச் சொல்லிலோ உண்மையிலேயே ஒலிப்பொருட் சொல்லின் முதலெழுத்துகள்தாம் உள்ளன. பிறப்பால் வேறான இரு சொற்கள் பேசுவோர் உணர்வில் இவ்வாறு நெருங்கி வருகின்றன.

6. முடிவுரை

ஆக்சுபோர்டு ஆங்கில அகராதி இச்சொற்களைத் தனித்தனித் தலைச்சொற்களாக எண்ணிட்டுத் தருகின்றது. 1924 முதல் வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் ஒப்புருச் சொற்களை எண்ணிட்டுப் பிரிக்கின்றது. ஆங்கிலம் – தமிழ் இருமொழி அகராதிகள் இம்முறையை உறுதியாகப் பின்பற்ற வேண்டும். எல்லாப் பொருளையும் ஒரே தலைச்சொல்லின் கீழ் அடுக்கினால், முதலில் நிற்கும் பொருளையே பயில்வோர் எடுத்துக் கொள்வர். கணினிவழி மொழிபெயர்ப்பு பரவியுள்ள இந்நாளில் அகராதியின் குழப்பம் பொறிக்கும் சென்று சேரும். ஒப்புருச் சொல்லைக் காணும் மொழிபெயர்ப்பாளன் ‘இதன் பொருள் யாது’ என்று கேட்குமுன் ‘இது எந்தச் சொல்’ என்று கேட்டல் வேண்டும். இரண்டாம் வினாவுக்கு விடை கிடைத்தால் முதல் வினாவில் பாதி தீர்ந்துவிடும்.