மடக்குக் கட்டிலும் அதன் பிணைச்சலும்

பகலில் இருக்கையாகவும் இரவில் படுக்கையாகவும் பயன்படும் சோபாக் கட்டிலை இக்கால நகர வாழ்வின் குழந்தை என்றே பலரும் கருதுகின்றனர். தளபாடக் கடைக்குச் செல்வோர் அதன் துணியைத் தடவிப் பார்ப்பர். நிறம் வீட்டுச் சுவருக்குப் பொருந்துமா என எண்ணுவர். மெத்தையை ஒருமுறை அழுத்தி மகிழ்வர். விலையைக் கேட்டுச் சற்றுத் தயங்குவர். அடியில் மறைந்து கிடக்கும் இரும்புச் சட்டங்களையும் பிணைச்சல்களையும் குனிந்து பார்ப்போர் மிகச் சிலரே. ஆயினும் அதன் ஆயுள் அங்கேதான் இருக்கின்றது. துணி கிழிந்தால் மாற்றலாம். மெத்தை அமுங்கினால் புதியது இடலாம். பிணைச்சல் கெட்டுவிட்டாலோ அப்பொருள் இருக்கையும் அன்று, படுக்கையும் அன்று. இவ்வுண்மையை மனிதன் அறிந்து மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகின்றன.

1922ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் எகிப்து நாட்டு அரசர் பள்ளத்தாக்கில், ஹவாட் காட்டர் என்னும் ஆங்கிலேய அகழ்வாராய்ச்சியாளர் துட்டன்காமன் என்ற இளம் மன்னனின் கல்லறையைக் கண்டுபிடித்தார். அம்மன்னனின் பொன் முகமூடியைப் பற்றி உலகமே பேசிற்று. அதே கல்லறையின் பக்க அறையொன்றில், குவிந்து கிடந்த பண்டங்களுக்கிடையே இருந்த வெள்ளை பூசிய மரக்கட்டிலைப் பற்றிப் பேசியோர் குறைவு. கி.மு. பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கட்டில் மூன்று பகுதிகளாக மடிவது. இரண்டாக மடியும் கட்டில்கள் பண்டை எகிப்தில் வேறும் கிடைத்துள்ளன. மூன்றாக மடிவது இஃதொன்றே. இரண்டாக மடிப்பதற்கு ஒரு மூட்டுப் போதும். மூன்றாக மடிக்க முற்படும்போது, ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் பகுதிகளின் தடிப்புக்கும் இடம்விட்டுப் பிணைச்சலை அமைத்தல் வேண்டும். அக்கம்மியர் இதனை உலோகப் பிணைச்சல்களால் நிறைவேற்றினர். அத்துடன் அவர்கள் நிற்கவில்லை. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் சிங்கப் பாதம்போன்ற கால்களை அமைத்தவர்கள், சட்டம் மடியும் இடங்களிலும் நிலத்தில் ஊன்றும் கால்களை வைத்தனர். படுப்பவரின் பாரத்தைப் பிணைச்சல் தாங்கக்கூடாது, கால்தான் தாங்கவேண்டும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். இன்றைய விலையுயர்ந்த கட்டில்கள் சிலவற்றைச் செய்வோர் இதனை மறந்துவிடுகின்றனர் என்பது வியப்புக்குரியது.

இதன்பின் நெடுங்காலம் மடக்குக் கட்டில் பெரும்பாலும் போர்வீரனோடும் பயணியோடும் திரிந்தது. நெப்போலியன் தன் படையெடுப்புகளில் கொண்டுசென்ற கட்டில் இவற்றுட் புகழ்பெற்றது. குடைபோல் மடிந்து உறைக்குள் அடங்கும் இரும்புச் சட்டமும், அதன்மேல் இழுத்துக் கட்டும் தடித்த துணியுமே அதன் உறுப்புகள். அதனைச் செய்த டெசூஷ் என்பவர் தச்சர் அல்லர்; பாரிஸ் நகரத்துப் பூட்டுத் தொழிலாளர். கட்டில் மடியத் தொடங்கியதும் அது தச்சனின் கையைவிட்டுக் கொல்லனின் கைக்கு வந்துவிட்டது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. ஐரோப்பாவின் அரண்மனைகள் பலவற்றில் துயின்ற அப்பேரரசன், 1821ஆம் ஆண்டு மே 5ஆந் திகதி செயின்ற் ஹெலினாத் தீவில் உயிர்நீத்தபோது கிடந்தது தன் போர்க்களக் கட்டில் ஒன்றிலேயாகும்.

படைவீரனின் கட்டில் குடும்பத்தவரின் கட்டிலாக மாறியதற்குக் காரணம் போரன்று, வீட்டு வாடகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நகரங்கள் பெருகிய வேகம் பெரிது. சிக்காகோ நகரின் மக்கள்தொகை 1880இல் ஏறக்குறைய 5 இலட்சம். அயற்பகுதிகள் சிலவும் சேர்க்கப்பட்டபின், 1890இல் ஏறக்குறைய 11 இலட்சம். தொழில் தேடி வந்தோர் ஓரறையிலும் ஈரறையிலும் குடும்பம் நடத்தினர். அவ்வறையில் ஒரு கட்டிலை விரித்துவிட்டால், உண்பதற்கும் எழுதுவதற்கும் இடமில்லை.

இக்குறையை நாள்தோறும் கேட்டறியும் நிலையில் இருந்தவர் சேரா கூட் என்னும் கறுப்பினப் பெண்மணி. அடிமைமுறை ஒழிக்கப்பட்ட 1865ஆம் ஆண்டுக்கு முன் பிறந்த அவர், சிக்காகோவில் தளபாடக் கடையொன்றை நடத்திவந்தார். அவருடைய கணவர் மரவேலை அறிந்தவர். 1885ஆம் ஆண்டு யூலை 14ஆந் திகதி, மடித்தால் எழுது மேசையாக மாறும் கட்டிலொன்றுக்கு அவர் 322177 என்னும் எண்ணுடைய ஆக்கவுரிமைப் பத்திரத்தைப் பெற்றார். அமெரிக்க ஆக்கவுரிமை பெற்ற முதற் கறுப்பினப் பெண்களுள் அவர் ஒருவர். பகலில் அது தாள்களும் எழுதுகருவிகளும் வைக்கும் அறைகளோடு கூடிய மேசை; இரவில் முழுநீளக் கட்டில்.

அப்பத்திரத்திலே தம் படைப்பின் நோக்கங்கள் நான்கு என அவர் முறைப்படுத்திக் கூறியுள்ளார். மடித்தால் மேசையாக அமையும் கட்டிலை உருவாக்குதல் முதலாவது. அதனை எவரும் எண்ணியிருப்பர். ஏனைய மூன்றுமே அவருடைய அறிவின் கூர்மையைக் காட்டுவன. மடியும் பகுதிகளின் பாரத்தைச் சமன்செய்து, தூக்குவதையும் இறக்குவதையும் எளிதாக்கவேண்டும் என்பது இரண்டாவது. விரித்தபின் அப்பகுதிகள் அசையாது உறுதியாக நிற்கவேண்டும் என்பது மூன்றாவது. கட்டிலை விரிக்கும்போது, நடுப்பகுதியைத் தாங்க ஒரு துணைத்தாங்கி தானாகவே வந்து அமையவேண்டும் என்பது நான்காவது. சமன், பூட்டு, நடுத்தாங்கி ஆகிய இம்மூன்றும் உள்ள மடக்குக் கட்டில் நெடுநாள் உழைக்கும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் உழைக்காது. பெரிய தொழிற்சாலையோ பொறியியற் கல்லூரியோ சொல்லாததை ஒரு கடைக்காரப் பெண்மணி எழுதி வைத்தார். அவர் 1905இல் மறைந்தார். சிக்காகோ நகரம் ஒரு பாடசாலைக்கு அவர் பெயரைச் சூட்டியது 2012ஆம் ஆண்டிலேதான்.

சேரா கூட் பத்திரம் பெற்ற அதே 1885இல், மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த லெகட் என்பவர் சுருளிவில் அமைந்த படுக்கைத் தளத்துக்கு ஆக்கவுரிமை பெற்றார். பிளாட் என்பவருடன் கூடி அவர் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் சோபாக் கட்டிலின் இரும்புப் பொறிகளையும் செய்யலாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சன்பிரான்சிஸ்கோ நகரில் வில்லியம் மேர்பி என்பவர், சுவரோடு நிமிர்ந்து அலுமாரிக்குள் மறையும் கட்டிலை அமைத்தார். ஓரறை வீட்டில் வாழ்ந்த அவர், தாம் விரும்பிய பெண்ணை விருந்துக்கு அழைக்கும்போது படுக்கை கண்ணிற் படலாகாது என்றே இதனைச் செய்தாராம். கதை எவ்வாறாயினும், அக்கட்டில் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. பொதுப்பெயராகிவிட்ட அச்சொல்லில் அவருடைய நிறுவனம் தனியுரிமை கோரமுடியாது என 1989இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. இவ்வகைக் கட்டிலில் ஓர் அபாயமும் உண்டு. பாரமும் சுருளிவில்லும் சமனாக இல்லாவிடின், அது நிற்கவேண்டிய நேரத்தில் விழும். விழவேண்டிய நேரத்தில் நிற்கும். சார்லி சப்ளின் 1916இல் நடித்த ஊமைப்படமொன்றில், குடிமயக்கத்தோடு வீடு திரும்பிய ஒருவன் சுவர்க் கட்டிலோடு மல்லாடித் தோற்று, கடைசியிற் குளியல் தொட்டியில் உறங்குகிறான். பார்த்தோர் வயிறு குலுங்கச் சிரித்தனர். தம் வீட்டிலும் அத்தகைய கட்டிலை வைத்திருந்தோர் சிலர் உள்ளூர அஞ்சியும் இருப்பர்.

சோபாவையும் கட்டிலையும் ஒன்றாக்கி வீடுதோறும் கொண்டுசென்றோருள், சிசிலித் தீவிலிருந்து நியூயோர்க் நகரில் குடியேறிய பேனாட் காஸ்ட்ரோ முக்கியமானவர். 1931ஆம் ஆண்டு, பொருளாதார மந்தம் கடுமையாக இருந்த காலத்தில் அவர் தம் தொழிலைத் தொடங்கினார். 1948இல் ஒளிபரப்பான அவரது தொலைக்காட்சி விளம்பரத்தில், நான்கு வயதுச் சிறுமியான அவருடைய மகள் சோபாவைத் தானே இழுத்து விரித்துக் காட்டினாள். துணியின் அழகைக் காட்டாமல், குழந்தையின் கைக்கும் இசையும் பொறியைக் காட்டினார் அந்தத் தந்தை. சேரா கூட்டின் இரண்டாம் நோக்கம் 63 ஆண்டுகளின் பின் விளம்பரமாக வந்தது எனலாம்.

இனி அப்பொறி எங்கே கெடுகின்றது என்பதை நோக்குவோம். இழுத்து விரிக்கும் சோபாவினுள்ளே, கத்தரிக்கோல்போல் ஒன்றையொன்று கடக்கும் இரும்புப் பட்டைகள் பல உள்ளன. அவற்றை இணைப்பவை தறையாணிகள். ஒவ்வொரு முறை விரிக்கும்போதும் ஆணி தன் துளையைச் சிறிது தேய்க்கின்றது. பட்டை மெல்லியதாயின், வட்டமான துளை நாளடைவில் நீள்வட்டமாகும். பின்னர் கட்டில் கிறீச்சிடும். ஒரு பக்கம் முந்தியும் மறுபக்கம் பிந்தியும் வெளிவரும். வீட்டுக்காரர் பொறுமையிழந்து ஒரு பக்கத்தை உதைத்துத் தள்ளுவார். அன்றே பட்டை வளையும். கெடுதிக்கு இன்னொரு காரணம் நெம்புகோல் விதி. விரித்த கட்டிலின் கால்மாட்டு ஓரத்தில் ஒருவர் அமரும்போது, முன்கால்கள் நிலத்தில் உறுதியாக ஊன்றவில்லையாயின், அவர் பாரம் பன்மடங்காகிப் பின்பிணைச்சலை முறுக்கும். எகிப்தியக் கம்மியர் தவிர்த்த பிழை இதுவே.

மூன்றாக மடியும் பொறியில் இன்னொரு குறையும் உண்டு. மெத்தை தானும் மடியவேண்டியிருப்பதால் அது மெல்லியதாகவே இருக்கமுடியும். படுப்பவரின் முதுகின் கீழே குறுக்குச் சட்டம் வந்து உறுத்தும். இரண்டு இரவு தங்கிச் செல்லும் விருந்தினர் இதனைச் சொல்லமாட்டார். நாள்தோறும் படுப்பவர் சொல்லாதிருக்கமாட்டார். ஆகவே, யார் படுக்கப்போகின்றார் என்பதை முடிவுசெய்த பின்னரே பொறியைத் தெரிதல் வேண்டும். எப்போதாவது வரும் உறவினருக்காயின் இழுத்து விரிப்பது போதும். வளரும் பிள்ளையொன்று ஒவ்வோரிரவும் அதில் உறங்கவேண்டுமாயின், மூட்டுகள் குறைந்த பொறியே தக்கது. சாய்மனை பின்னோக்கி விழுந்து ஆசனத்தோடு சமமாகும் வகையும், ஆசனத்தின் கீழிருந்து மரப்பலகைத் தளம் இழுப்பறைபோல் வெளிவரும் வகையும் அத்தகையன. முன்னதில், சாய்மனையை நிறுத்தும் பற்கள் பொருந்திய தடுப்பே முதலில் தேய்வது. அப்பற்கள் தடித்த உருக்கிலானவையா என்று கேட்டறிதல் நன்று.

கடையில் விற்பனையாளர் விரித்துக் காட்டுவதைப் பார்த்துத் திரும்பலாகாது. அவர் கை பழகிய கை. வாங்குபவர் தாமே பத்து முறை விரித்து மடித்துப் பார்க்கவேண்டும். அந்த வீட்டில் முதியவர் ஒருவர்தான் இரவில் அதனை விரிக்கப்போகின்றார் என்றால், அவரையே அழைத்துச் சென்று விரிக்கச் செய்வது மேலும் நல்லது. இருபக்கமும் ஒரே வேகத்தில் வருகின்றனவா, விரித்த நிலையில் தடுப்பு விழுந்து பூட்டிக்கொள்கின்றதா, கால்மாட்டில் அமர்ந்தால் தலைமாடு எழும்புகின்றதா என்பனவற்றைக் கவனிக்கலாம். பின்னர் அடியிற் குனிந்து நோக்கினால், பட்டைகளுக்கிடையே உராய்வைக் குறைக்கும் வளையங்கள் இடப்பட்டுள்ளனவா என்பது தெரியும். சட்டம் மரத்தோடு இணையுமிடத்தில் மரையாணியும் சுரையும் இருந்தால் தளர்ந்தபோது முறுக்கிக்கொள்ளலாம்; வெறும் திருகாணி மரத்துகள் பலகையில் ஏறியிருந்தால் அது ஒருநாள் பிடுங்கிக்கொண்டு வரும்.

கடற்காற்று வீசும் ஊர்களில் வாழ்வோர், பூச்சுப் பூசாத இரும்பைக் கண்டால் விலகுவதே நன்று. வாங்கியபின் ஆண்டுக்கு இருமுறை தறையாணிகளுக்கு எண்ணெயிட வேண்டும். அதற்குத் தையல் எந்திரத்துக்கு இடும் எண்ணெயே போதும். அடுப்படியிலிருக்கும் தேங்காயெண்ணெயை இட்டால், அது தூசியோடு கலந்து பிசினாகி, ஓடும் மூட்டையும் ஓடாமற் செய்துவிடும்.