கணக்கும் தமிழும்
சர் ஆர். கே. சண்முகம் செட்டியார் வரலாறு



சங்கரன்கோவிலில் நம் சங்கத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் நெடுங்காலம் கணக்கு உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றிருந்தார். அவர் காலமானபின் துக்கம் விசாரிக்கச் சென்றோம். அவர் இரவுதோறும் பழம்பாடல்களுக்குப் பொருள் எழுதி வந்த நோட்டுப் புத்தகங்களைப் பார்க்க விரும்பிக் கேட்டோம். பழைய காகிதக்காரனுக்கு நிறுத்துப் போட்டுவிட்டதாக வீட்டார் கூறினர். அன்று உண்டான வருத்தமே இவ்வியாசத்தை எழுதத் தூண்டியது.

கணக்கறிந்தவர்க்குக் கலை எதற்கு என்பார் நம்மிற் பலர். அதற்கு விடையாக விளங்கியவர் சர் ஆர். கே. சண்முகம் செட்டியார். அவர் 1892-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் வணிகக் குடும்பமொன்றிற் பிறந்தார். வரவும் செலவும் அவருக்கு வீட்டுப் பேச்சாகவே அமைந்தன. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று, பின்னர் அரசியலிற் புகுந்தார். மத்திய சட்டசபைத் தலைவராக வீற்றிருந்தார். 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தார். 1944-இல் அமெரிக்காவிலுள்ள பிரெட்டன் உட்ஸ் என்னுமிடத்தில் 44 நாட்டினர் கூடி, உலக நாணய நிதிக்கும் உலக வங்கிக்கும் அடிகோலினர். அம்மகாநாட்டுக்கு இந்தியாவின் சார்பிற் சென்றவருள் அவரும் ஒருவர்.

சுதந்தர இந்தியாவின் முதல் நிதி மந்திரி அவரே. 1947-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி அவர் முதல் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தார். வரவு 171 கோடியே 15 லட்சம். செலவு 197 கோடியே 39 லட்சம். தேசம் பிளவுண்டு, அகதிகள் வந்து குவிந்த காலம் அது. துண்டு விழுந்ததில் வியப்பில்லை. 1948-இல், வருமான வரி விசாரணைக்குரிய பட்டியலிலிருந்து சிலர் பெயர் நீக்கப்பட்டது பற்றிக் கண்டனம் எழவே, அவர் பதவியை விட்டு விலகினார். இதனை மறைத்து எழுதுதல் சரித்திரமாகாது.

பதவி போனபின் பலர் வாடி ஒடுங்குவர். அவருக்கோ ஒதுங்கி இளைப்பாற மற்றொரு வீடு முன்னமே ஆயத்தமாக இருந்தது. அதுவே தமிழ். உத்தியோகச் சுமைகளினிடையே அவர் சிலப்பதிகாரத்தைக் கற்று, புகார்க் காண்டத்துக்கு உரை வகுத்தார். தமிழிசை இயக்கத்தில் முன்னின்று உழைத்தார். நம் ஊரிலிருந்து பாம்புக்கோவில் சந்தை, கடையநல்லூர் வழியாகத் தென்காசி சென்றால், அப்பாலுள்ளது குற்றாலம். அங்கே வாழ்ந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் அவருக்கு உற்ற நண்பர். டி. கே. சி.யும் உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றபின் கவிதை இன்பத்திலேயே திளைத்தவர். பின்னாளில் சண்முகம் செட்டியார் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கி, 1953-இற் காலமானார்.

வணிகனான கோவலன் பொருளிழந்த கதையைச் சொல்லும் காப்பியத்துக்கு, தேசத்தின் பொருளைக் காத்த ஒருவர் உரை எழுதியது நம் சிந்தனைக்குரியது. கணக்கு, பொருள் எவ்வளவு என்று கூறும். அப்பொருளால் மனிதர் வாழ்வு என்னவாகின்றது என்று கூறுவது காப்பியம். இரண்டும் அறிந்தவரே முழுக் கணக்கறிந்தவர் என்போம்.

எல்லோரும் மந்திரியாதல் இயலாது. ஆயினும் வங்கியிலும் கருவூலத்திலும் கடைக் கணக்கிலும் உழைத்து ஓய்ந்த பெரியவர் நம் வீடுகளில் இருக்கின்றனர். ஒருவர் வீணை பயில்வார். ஒருவர் தோட்டம் வைப்பார். ஒருவர் ஏட்டைப் புரட்டுவார். ‘வேலையற்ற வேலை’ என்று அதனை இகழற்க. மாலைதோறும் அவர்பால் அமர்ந்து, அவர் பார்த்த உத்தியோகம், வளர்த்த குடும்பம், விரும்பிய கலை ஆகியவற்றைக் கேட்டு எழுதி வைமின். காகிதக்காரன் தராசு வருமுன் இதனைச் செய்தல் நம் கடமை.