பூனைப் பாம்பு

பூனைப் பாம்பு என்பது இரவில் இரை தேடுவதும், மரங்களிலும் புதர்களிலும் வாழ்வதுமான, வீரியம் குறைந்த நஞ்சுடைய பாம்பினம் ஆகும். இதன் அறிவியற் பெயர் போய்கா டிரைகோனாட்டா. இதனை 1802 ஆம் ஆண்டில் செருமானிய இயற்கையியலாளர் சினைடர் விவரித்தார். இதன் கண்மணி பூனைக்கு இருப்பது போலச் செங்குத்துக் கோடாக அமைந்திருப்பதால் இப்பெயர் பெற்றது. சுருட்டை விரியனை ஒத்த தோற்றத்தால் இது பெரும்பாலும் தவறாகக் கொல்லப்படுகின்றது.

உடலமைப்பு

இது மெலிந்து நீண்ட உடலைக் கொண்டது. பொதுவாக ஒரு மீட்டருக்கும் குறைவான நீளமுடையது. கழுத்து ஒடுங்கியும் தலை அகன்றும் கண்கள் பெரிதாகவும் இருக்கும். மஞ்சள் கலந்த பழுப்பு நிற முதுகில் கரிய விளிம்புடைய வெளிறிய வளைகோட்டுக் குறிகள் உண்டு. தலையின் மேல் ஆங்கில 'ஒய்' எழுத்தைப் போன்ற குறி காணப்படும்.

பரவலும் வாழ்முறையும்

இந்தியா, இலங்கை, பாக்கித்தான், நேபாளம், வங்காளதேசம் ஆகிய நாடுகளிலும் மேற்கே ஈரான் வரையிலும் இது காணப்படுகின்றது. காஞ்சிபுரம் உள்ளிட்ட வடதமிழகச் சமவெளியின் புதர்க்காடுகளும் தோப்புகளும் இதற்கேற்ற வாழிடங்கள். பகலில் மரப்பொந்து, இலைக்கொத்து, கூரை ஆகியவற்றில் சுருண்டு உறங்கும். ஓணான், பல்லி ஆகியவை இதன் முதன்மை உணவு. சிறு பறவைகளையும் எலிகளையும் உண்பதுண்டு. இது முட்டையிடும் இனமாகும்.

நஞ்சு

நச்சுப்பற்கள் மேல்தாடையின் பின்புறத்தில் அமைந்துள்ளன. எனவே கவ்விய இரையை மென்றே நஞ்சைச் செலுத்துகின்றது. மனிதருக்கு இந்நஞ்சால் உயிராபத்து இல்லை. இப்பேரினத்தைச் சேர்ந்த சில பாம்புகளின் நஞ்சில், பறவைகளையும் பல்லிகளையும் கடுமையாகத் தாக்கினும் பாலூட்டிகளை அவ்வாறு தாக்காத புரதங்கள் கண்டறியப்பட்டுள்ளன. குவாம் தீவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் புகுந்து, அங்குள்ள காட்டுப் பறவையினங்களுள் பெரும்பாலானவற்றை அழித்த பழுப்பு மரப்பாம்பும் இப்பேரினத்ததே.

சுருட்டை விரியனுடன் குழப்பம்

சீண்டப்பட்டால் பூனைப் பாம்பு உடலைச் சுருட்டி, தலையை உயர்த்தி, வாலை அதிர்த்துத் தாக்க முனையும். இச்செயலும் நிறமும் சுருட்டை விரியனை நினைவூட்டுகின்றன. இரண்டிற்கும் உள்ள வேறுபாடுகள் பின்வருமாறு:

* பூனைப் பாம்பின் செதில்கள் வழவழப்பானவை. விரியனின் செதில்கள் சொரசொரப்பானவை.
* விரியன் செதில்களை ஒன்றோடொன்று உரசி, ரம்பம் அறுப்பது போன்ற ஒலி எழுப்பும். பூனைப் பாம்பு அவ்வாறு செய்வதில்லை.
* பூனைப் பாம்பின் வால் நீண்டு மெலிந்தது. விரியனின் உடல் தடித்தது, வால் குட்டையானது.
* விரியன் பெரும்பாலும் தரையில் வாழ்வது.

1978 இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்து நச்சுமுறி மருந்துத் தயாரிப்பிற்கு வழங்கி வருகின்றது. பூனைப் பாம்பு இந்நான்கனுள் அடங்காது. இதன் கடிக்கு நச்சுமுறி தேவைப்படுவதில்லை. எனினும் தவறு இருபுறமும் நிகழக்கூடும். விரியனைப் பூனைப் பாம்பு எனக் கருதி வாளாவிருந்தால் உயிரிழப்பு நேரலாம். ஆதலால் கடித்த பாம்பு எதுவென உறுதியாகத் தெரியாதபோது, அதனைத் தேடிப் பிடிக்க முயலாமல், உடனே மருத்துவமனைக்குச் செல்வதே முறையாகும்.