விண்வெளியில் எடுக்காமல் போன பாடங்கள்

தமிழில் நாம் 'விண்வெளி வீரர்' என்கிறோம். அஸ்ட்ரோநாட் என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் 'விண்மீன் மாலுமி' என்று வரும். ரஷ்யர்களின் காஸ்மோநாட்டும் ஒரு மாலுமிதான். ஹிந்தியில் 'அந்தரிக்ஷ் யாத்ரி', அதாவது பயணி. நம்ம ஊரில் மட்டும் அவர் கையில் ஒரு வாளைக் கொடுத்துவிட்டோமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். வீரர் என்றதும் குழந்தைக்கு மனதில் வருவது ஒரு சிலை. மாலுமி என்றால் வேலை பார்க்கிற ஒரு ஆள். அவர் சமைப்பார், துடைப்பார், கயிறு கட்டுவார், தூக்கம் வராமல் புரளுவார்.

இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்ட ஒரு டீச்சரைப் பற்றித்தான் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெயர் கிறிஸ்டா மெக்காலிஃப். சேலஞ்சர் விபத்தில் இறந்தவர் என்பது பலருக்கும் தெரியும். அவர் மேலே போய் என்ன பாடம் எடுக்க இருந்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. எனக்கு அதுதான் சுவாரசியமாக இருந்தது.

1984 ஆகஸ்டில் அதிபர் ரீகன், விண்வெளிக்குப் போகும் முதல் சாதாரணக் குடிமகன் ஒரு பள்ளி ஆசிரியராக இருப்பார் என்று அறிவித்தார். 11,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் விண்ணப்பித்தார்கள். 1985 ஜூலையில் தேர்வானவர் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கான்கார்ட் உயர்நிலைப் பள்ளியில் பாடம் எடுத்துவந்த கிறிஸ்டா. அறிவியல் டீச்சர் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அவர் எடுத்தது வரலாறு, சட்டம், பொருளாதாரம். அமெரிக்கப் பெண்களின் வரலாறு பற்றித் தானே ஒரு பாடத்திட்டம் உருவாக்கி நடத்தியவர்.

விண்ணப்பத்தில் அவர் கொடுத்த யோசனை ஒரு டைரி. பயிற்சிக் காலம், பறக்கும் நாட்கள், திரும்பி வந்த பிறகு என்று மூன்று பகுதி. ஏன் டைரி? அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு மாட்டு வண்டிகளில் குடியேறிய பெண்கள் எழுதிவைத்த நாட்குறிப்புகள் அவருக்குப் பிடித்த ஆதாரங்கள். தளபதிகளும் அதிபர்களும் நிரம்பிய வரலாற்றில் இல்லாத விஷயமெல்லாம் அங்கேதான் கிடைக்கும் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தவர், விண்வெளிக்கும் அதையே செய்யப் பார்த்தார். வீரரைப் பற்றி இல்லாமல், அங்கே வாழ்வதைப் பற்றி.

அவர் நேரலையில் எடுக்க இருந்தது இரண்டு பாடங்கள். முதலாவதை ஒரு பள்ளிச் சுற்றுலா மாதிரி வைத்துக்கொள்ளலாம். ஷட்டிலுக்குள் குழந்தைகளைச் சுற்றிக் காட்டுவது: யார் ஓட்டுகிறார், யாருக்கு என்ன வேலை, எங்கே சாப்பிடுகிறார்கள், எங்கே தூங்குகிறார்கள், டாய்லெட் எப்படி. (எந்த ஊர்ப் பிள்ளையானாலும் முதலில் கேட்கிற கேள்வி கடைசியில் இருப்பதுதான். என் வீட்டிலும் அதேதான்.) இரண்டாவது பாடம், நாம் எங்கே இருந்தோம், எங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்பது. இதோடு படம்பிடித்துக் கொண்டுவர ஆறு சின்னச் செய்முறைகள். காந்தம், நியூட்டனின் விதிகள், தண்ணீரில் போட்ட மாத்திரை நுரைப்பது, மண் இல்லாமல் செடி வளர்ப்பது, மை நிறங்கள் பிரிவது, எளிய எந்திரங்கள்.

1986 ஜனவரி 28, செவ்வாய். ஏவுதளத்தில் வெப்பநிலை சுமார் 2 டிகிரி செல்சியஸ். பூஸ்டர் ராக்கெட்டின் பாகங்கள் சேரும் இடத்தில் ரப்பர் வளையங்கள் உண்டு, ஓ-ரிங் என்பார்கள். குளிரில் அவை விறைத்துவிடும், சூடான வாயுவை அடைக்காது என்று பூஸ்டரைத் தயாரித்த மார்ட்டன் தயோக்கோல் நிறுவனத்தின் பொறியாளர்கள் முந்தைய இரவே சொல்லிவிட்டார்கள். கிட்டத்தட்ட 12 டிகிரிக்குக் கீழே ஏவ வேண்டாம் என்பது அவர்கள் பரிந்துரை. நாசா தரப்பு அதிருப்தி காட்டியதும் நிறுவனத்தின் மேலாளர்கள் தனியாகக் கூடிப் பேசி, சரி என்று சொல்லிவிட்டார்கள். பொறியாளராக இருந்ததை விட்டுவிட்டு மேலாளராக யோசி என்கிற பொருளில் அந்த அறையில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது விசாரணையில் பதிவாகியிருக்கிறது. சாஃப்ட்வேர் ரிலீஸுக்கு முந்தைய ராத்திரி மீட்டிங்குகளில் உட்கார்ந்த யாருக்கும் இதைப் படித்தால் வயிற்றைப் பிசையும். எங்கள் தொழிலில் பெரும்பாலும் வெப்சைட் விழும், அவ்வளவுதான்.

73 விநாடிகள். ஏழு பேர்.

அமெரிக்காவே டிவியில் நேரலையாகப் பார்த்தது என்று பல இடத்தில் எழுதுகிறார்கள். பெரிய சேனல்கள் அப்போது ஏவுதலை நேரலையாகக் காட்டவில்லை, சிஎன்என் காட்டியது. ஆனால் கிறிஸ்டாவுக்காக நாசா தன் ஒளிபரப்பைச் செயற்கைக்கோள் வழியாகப் பள்ளிகளுக்குக் கொடுத்திருந்தது. அதனால் பெரியவர்களில் பலர் பிறகு மறுஒளிபரப்பில் பார்த்ததை, வகுப்பறைகளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் நடந்த கணத்திலேயே பார்த்தார்கள். கான்கார்ட் பள்ளி அரங்கில் மாணவர்கள் விசேஷத் தொப்பியும் ஊதுகுழலுமாகக் கூடியிருந்தார்கள். கிறிஸ்டாவின் மகனோடு படித்த பிள்ளைகள் ஃப்ளோரிடாவுக்கே வந்திருந்தார்கள்.

அன்று மாலை ரீகன் நாட்டுக்கு ஆற்றிய உரையில் பள்ளிக் குழந்தைகளிடம் தனியாகப் பேசினார். புதியதைத் தேடிப் போவதில் இப்படி வலிக்கும் விஷயங்களும் நடக்கும், எதிர்காலம் துணிந்தவர்களுடையது என்பது சாரம். நல்ல உரை, மறுக்கவில்லை. ஆனால் அது பாதி உண்மைதான் என்பது என் கருத்து. அன்று சாயங்காலம் அவருக்கு மீதி தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஜூனில் வந்த ரோஜர்ஸ் கமிஷன் அறிக்கை, ஓ-ரிங்கோடு சேர்த்து அந்த முடிவு எடுக்கப்பட்ட விதத்தையும் குறை சொன்னது. அந்த அறிக்கையைக் குழந்தைகளுக்கு யார் உட்கார்ந்து சொன்னார்கள்? வீரமரணம் என்று முடித்துவிட்டால் கேள்வி அங்கேயே நின்றுவிடும்.

அதே கமிஷனில் இருந்த ரிச்சர்ட் ஃபைன்மன் பிப்ரவரியில் ஒரு வேலை செய்தார். ஓ-ரிங் ரப்பர் துண்டு ஒன்றைக் கிளாம்பில் நெருக்கி, முன்னால் இருந்த ஐஸ் தண்ணீரில் போட்டார். எடுத்துக் கிளாம்பைத் தளர்த்தினால் ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். அந்த விபத்தில் இருந்து வந்த முதல் நல்ல பாடம் அதுதான் என்பேன்.

கிறிஸ்டாவுக்கு மாற்றாகப் பயிற்சி பெற்றவர் பார்பரா மார்கன், ஐடஹோ மாநிலத்தின் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. திட்டத்தை விட்டு அவர் விலகவில்லை. ஒரு மோசமான நிலைமையில் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று குழந்தைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அந்த ஆண்டே வகுப்புக்குத் திரும்பினார். 1998-ல் முழுநேர விண்வெளி வீராங்கனையாகத் தேர்வாகி, 2007 ஆகஸ்டில் எண்டெவரில் பறந்தார். இருபத்தோரு வருடக் காத்திருப்பு! அந்தப் பயணத்திலும் ஏவும்போது பிய்ந்து வந்த ஃபோம், ஓடத்தின் அடிப்பகுதி ஓட்டில் ஒரு பள்ளம் போட்டது. இந்த முறை சுற்றுப்பாதையிலேயே படம் எடுத்து அளந்தார்கள், கீழே சோதித்தார்கள், அதன் பிறகே ரிப்பேர் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். மார்கன் எந்திரக் கையை இயக்கினார், சாமான் மாற்றினார், ஐடஹோ பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். கூடவே பயணம் போன ஒரு கோடி துளசி வகை விதைகள் பிறகு பள்ளிகளுக்குப் போயின.

இறந்தவர்களின் குடும்பங்கள் 1986-லேயே சேலஞ்சர் சென்டர் என்ற கல்வி அமைப்பைத் தொடங்கின. கமாண்டர் டிக் ஸ்கோபீயின் மனைவி ஜூன் அதில் முக்கியமானவர், அவரும் ஆசிரியர். சிலை வைக்காமல் இவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. அவர்களுடைய மையங்களில் பிள்ளைகளின் பாதிப் பேர் கட்டுப்பாட்டு அறை, பாதிப் பேர் விண்கலம். ஆளுக்கொரு வேலை. நடுவில் ஏதாவது கோளாறு வரும், சேர்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.

கிறிஸ்டாவின் முதல் பாடத்தை 2012-ல் சுனிதா வில்லியம்ஸ் எடுத்துவிட்டார் என்று நான் சொல்வேன். அப்படி யாரும் பெயர் வைக்கவில்லை. பூமி திரும்பும் முன் அவர் பதிவுசெய்த விண்வெளி நிலையச் சுற்றுலா வீடியோவில் தூங்கும் இடம், சாப்பாடு, டாய்லெட் எல்லாம் வரிசையாக வரும்.

செய்முறைகளுக்கு 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முன்னாள் ஆசிரியர்களான ஜோ அகாபாவும் ரிக்கி ஆர்னால்டும் நிலையத்தில் இருந்த பொருட்களை வைத்து அவற்றில் சிலவற்றைச் செய்து படம்பிடித்தார்கள். 32 வருடம் தாமதம். சேலஞ்சர் சென்டர் அதை வகுப்புப் பாடங்களாக வெளியிட்டிருக்கிறது. நுரைக்கும் மாத்திரையை முதலில் காட்டுங்கள். இங்கே குமிழ்கள் மேலே ஓடிவிடும். அங்கே மேல் என்று ஒன்று கிடையாது, அதனால் குமிழ்கள் தண்ணீர் உருண்டைக்கு உள்ளேயே தங்கிவிடும். மை பிரிவதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கறுப்பு ஸ்கெட்ச் பேனா, காபி வடிதாள், கொஞ்சம் தண்ணீர். தாளின் ஓரத்துக்குச் சற்று மேலே ஒரு புள்ளி வைத்து, ஓரம் மட்டும் நனையும்படி நிறுத்துங்கள். வீடியோ போடும் முன், எடை இல்லாத இடத்தில் தண்ணீர் தாளில் ஏறுமா ஏறாதா என்று பிள்ளையிடம் கேட்டு, சொல்கிற பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.